செய்து காட்டின மாதிரி

"கணக்கையும் நீங்களே செய்து, விடையையும் நீங்களே எழுதினா, பிள்ளையள் தாங்களா எப்ப ரீச்சர் யோசிக்கிறது?" என்றார் அதிபர் குலசிங்கம்.

"முதல் கணக்கை முழுக்கச் செய்து காட்டுவன் சேர். அடுத்ததில கடைசி வரியை மட்டும் விடுவன். பிறகு பாதியை விடுவன். போகப் போக அவையளே செய்வினம்," என்றாள் புஷ்பவதி.

அவளுடைய முதலாம் வகுப்பில் எல்லாமே இப்படித்தான். கூட்டலும் செய்து காட்டல், செருப்பு மாட்டுவதும் செய்து காட்டல். போன கிழமை, ஷெல் அடித்தால் பங்கருக்குள் போய்ப் பதுங்குவது எப்படி என்று நடந்தே காட்டினாள். அதில் அதிபரையும் அவருடைய கந்தோர் அறையிலிருந்து கூட்டி வந்து, ஒரு பிள்ளையாக்கிக் கூடவே நடக்க வைத்தாள். குலசிங்கத்துக்கு மானம் போயிற்று.

"கிளிப்பிள்ளை வளர்க்கிறா," என்று அலுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை குச்சவெளி பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் மறித்துவிட்டார்கள். புஷ்பவதி வந்து சேரவில்லை. முதலாம் வகுப்பு தனியே இருந்த நேரம் பார்த்துத் துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்தது.

பெரிய வகுப்புகள் ஆசிரியர்களோடு ஓடின. குலசிங்கத்தின் உடம்போ கந்தோரில் உட்கார்ந்திருந்த கதிரையோடு ஒட்டிப்போயிற்று. ஐயோ, அந்தச் சின்னதுகள் என்ன செய்யப்போகுதுகள்? மனம் அடித்துக்கொண்டது, கால் எழும்பவில்லை.

யன்னலால் பார்த்தார். சின்னதுகள் அழாமல், தள்ளுப்படாமல் வரிசையாக வந்தன. அவருக்கு மெய் சிலிர்த்தது. ஆனால் பங்கர் வாசலுக்கு வந்த வரிசை உள்ளே இறங்காமல், அதைத் தாண்டி அவருடைய கந்தோரை நோக்கி நடந்தது.

"பங்கர் அங்க! அங்க போங்கோ!" என்று கத்தினார்.

ஒருவரும் கேட்கவில்லை. உள்ளே வந்து, விரலைப் பிடித்தார்கள், சேட்டு நுனியைப் பிடித்தார்கள், இழுத்தார்கள். எழும்ப மறுத்த கால்கள் நடந்தன.

எல்லோரும் பங்கருக்குள் இறங்கியதும் காதைப் பிளக்கும் சத்தம். மண் கொட்டியது.

வெளியே வந்து பார்த்தால் கந்தோர் இல்லை. கதிரை இருந்த இடத்தில் உடைந்த ஓடுகள் குவிந்து கிடந்தன. குலசிங்கத்துக்கு அந்தச் சின்ன உயிர்களைக் கை எடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"என்னைக் காப்பாத்தோணும் எண்டு உங்களுக்கு எப்பிடியம்மா தோன்றினது?" என்று முன்னால் நின்ற சின்னவளிடம் குனிந்து கேட்டார்.

அவள் திருதிருவென விழித்தாள். "நாங்க காப்பாத்தேல்லை சேர். பங்கருக்குப் போறதெண்டா முதல்ல கந்தோருக்கு வந்து உங்களை இழுத்துக்கொண்டுதானே போகோணும்? ரீச்சர் அப்பிடித்தானே செய்து காட்டினவ!"