நாற்பதாம் குழாய்

அமிலத்தின் கடைசித் துளி விழுந்ததும் நீலம் மஞ்சளாயிற்று.

ஜெமீலா தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். ஒவ்வோர் ஆளின் இரத்தத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி. இரண்டும் ஒரே நிறமாக வந்தால்தான் சோதனை சரி.

எல்லாம் சரியாகத்தான் வந்திருந்தன. கடைசி இரண்டு பேருடையதுதான் அவளை உறுத்தியது.

தொழுநோய்க்காரர் சிலருக்கு, உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே திடீரென்று வெறிகொண்டு நரம்பைத் தாக்கத் தொடங்கும். அப்போது தம் மேலுள்ள ஒரு புரதத்தை அவை இரத்தத்தில் உதிர்க்கும். தட்டில் பூசியிருக்கும் பிறபொருளெதிரி அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். புரதம் எவ்வளவோ, மஞ்சள் அவ்வளவு.

விரல் மடங்கிப் போகுமுன்னே இதைக் கண்டுபிடித்துக் குளிசை மருந்து கொடுத்துவிடலாமா என்பதுதான் டொக்டரின் ஆராய்ச்சி. ஒரு நோயாளி, ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டில் சுகமாக இருக்கும் ஒருவர். இப்படி இருபது சோடி.

முப்பத்தொன்பது, கண்ணகை, பழுகாமம், வலது கையில் தழும்பு.

நாற்பது, அவள் மகள், வயது பதினேழு, நோய் எதுவும் இல்லை.

முப்பத்தொன்பது தண்ணீராய் வெளுத்துக் கிடந்தது. நாற்பது, அரைத்த மஞ்சளைக் கரைத்து ஊற்றியது போல.

கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டிக்குள், ஆறு சோதனைச் சாவடி தாண்டி வந்த ஒரே தட்டு. திரும்பச் செய்து பார்க்க வழியில்லை.

கண்ணகை காலையிலிருந்து வெளியே மர வாங்கிலேயே உட்கார்ந்திருந்தாள். வாவிக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி வாகனம் போவதில்லை. அங்கே நேர்ஸ் எடுக்கும் இரத்தத்தைக் குழாயில் அடைத்து, பெயர் எழுதிய பிளாஸ்டர் ஒட்டி, தோணியில் வருகிற ஆளிடமே கொடுத்துவிடுவார். மற்றவர்களுடையது எல்லாம் முன்பே வந்துவிட்டது. கடைசி இரண்டு குழாயையும் ஐஸ் போட்ட பிளாஸ்கில் கண்ணகையே கொண்டு வந்திருந்தாள். வந்ததும் கதவுக்குள் எட்டிப் பார்த்து, “இதென்ன மிஸ்ஸி, குருவிக்குத் தண்ணி வைக்கிற சட்டியா?” என்று சிரிக்கவும் செய்தாள்.

இப்போது அவளிடம் எப்படிச் சொல்வது?

ஜெமீலா கேத்தலில் கொதித்த தண்ணீரில் ஒரு பிளேன்ரீ ஊற்றினாள். முக்காட்டுத் தலைப்பை மடித்துக் கிளாஸைப் பிடித்துக்கொண்டு போய் வாங்கில் வைத்தாள்.

“உங்களுக்குப் பயப்பட ஒண்டும் இல்ல அக்கா. மகளுக்குத்தான் மஞ்சள் கூட இரிக்கி. நல்லாக் கூட.”

அழுகைக்குக் காத்திருந்தாள்.

கண்ணகையோ, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டாள்.

“அப்ப துண்டு எழுதித் தருவீங்கதானே, மிஸ்ஸி? பாரம் தூக்க ஏலா, ஓட ஏலா எண்டு. எங்கட ஊர்த் தங்கராசாட மகனுக்கு டொக்டர் குடுத்தாராமே. அதக் காட்டினதும் வந்தவங்க திரும்பிப் போயிற்றாங்களாம்.”

வந்தவர்கள் யார் என்று ஜெமீலா கேட்கவில்லை. அந்தக் கரையான படுவான்கரையில் போருக்கு ஆள் சேர்க்க, வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டுப் படலைக் கதவைத் தட்டுகிறார்கள் என்பது வாவிக்கு இந்தப் பக்கமும் தெரிந்த சங்கதி. கண்ணகைக்கு இருப்பதே ஒரு பிள்ளை.

கண்ணகை கிளாஸை எடுத்தாள். வலது உள்ளங்கையால் சுற்றிவளைத்து, இறுக்கி. அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவி பறந்துகொண்டிருந்தது.

“சுடல்லியா அக்கா?”

கண்ணகை குனிந்து கையைப் பார்த்தாள். ஜெமீலாவைப் பார்த்தாள். அவசரமாகக் கிளாஸை இடது கைக்கு மாற்றினாள்; மாற்றிய வேகத்திலேயே பொறுக்க முடியாமல் வாங்கில் வைத்தாள். தேநீர் தளும்பிச் சிந்தியது.



ஜெமீலா உள்ளே போய் அந்த இரண்டு குழாய்களையும் எடுத்துப் பார்த்தாள். இரண்டு பிளாஸ்டரும் சரியாக ஒட்டியிருக்கவில்லை. நாற்பதாம் குழாயில் மகளின் பெயர் எழுதிய பிளாஸ்டரின் பசையில் மெல்லிய மணல் இருந்தது. தோணியில் உரித்து மாற்றி ஒட்டியபோது ஏறிய மணல்.

பதினொரு வருடத்தில் அவள் ஓர் எண்ணையும் மாற்றி எழுதியதில்லை. மாற்றவும் வேண்டியதில்லை, எண்கள் உண்மைதான். பெயர்கள்தான் இடம் மாறியிருந்தன. ஒரு வார்த்தை சொன்னால் டொக்டர் திருத்திவிடுவார். இருபது சோடியும் சுத்தமாக நிற்கும். மகளுக்குத் துண்டு எழுத மட்டும் இடமிருக்காது.

டொக்டர் வருவது வெள்ளிக்கிழமைகளில்தான். மஞ்சள் கூடினவர்களுக்கு உடனே கொடுக்கச் சொல்லி, கையெழுத்திட்ட படிவங்களையும் குளிசைப் பொட்டலங்களையும் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஜெமீலா ஒரு படிவத்தை இழுத்தாள். பேனை சிறிது நேரம் அந்தரத்தில் நின்றது.

பிறகு மகளின் பெயரை எழுதினாள். பாரமான வேலை கூடாது, நெடுந்தூரம் நடக்கக் கூடாது, மாதம் ஒரு தடவை கட்டாயம் வர வேண்டும் என்று எழுதினாள். எழுதி முடித்தபின், ‘வர வேண்டும்’ என்பதற்கு முன்னால் ஒரு சொல்லை நெருக்கிச் சேர்த்தாள்: ‘தாயுடன்’.

கடைசித் தோணிக்கு நேரமாகிவிட்டது. துண்டை வாங்கி நாலாக மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள் கண்ணகை. ஜெமீலா பொட்டலத்தை நீட்டினாள்.

“காலையில எட்டுக் குளிசை. திண்ட பிறகுதான். ஒரு நாளும் விடப்படா.”

“நேரம் பாத்து மகளுக்குக் குடுப்பன், மிஸ்ஸி.”

ஜெமீலா தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“மகளுக்கு ஒண்டும் குடுத்திராதீங்க. குளிசைய நீங்க குடிங்க.”

கண்ணகை வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பொட்டலத்தை இடது கையால் வாங்கினாள்.