கடைசியாக வந்தவள்

கறுப்புத் துணியை அவள் கண்ணில் இறுக்கிக் கட்டிவிட்டு, "ஏதாவது தெரியுதாக்கா?" என்று கேட்டார் நிகழ்ச்சித் தொகுப்பாளர்.

"ஒண்ணுமே தெரியலை."

அரங்கம் சிரித்தது. சிரிப்பு வந்த பக்கம் திரும்பி அவளும் சிரித்துவைத்தாள்.

மணி அடித்தது.

அவளுக்கு இடப்பக்கம் ஜிம்மில் பயிற்சி கொடுக்கும் ஒரு வாட்டசாட்டமான ஆள். வலப்பக்கம் ஒரு கல்லூரிப் பெண். மூவருக்கும் முன்னால் ஒரே அச்சில் வார்த்த மாதிரி செட் போட்ட மூன்று வீடுகள். கண்ணைக் கட்டியபடியே உள்ளே போய் டீ போட வேண்டும், குவிந்து கிடக்கும் காலுறைகளை ஜோடி சேர்க்க வேண்டும், கதவைக் கண்டுபிடித்து வெளியே வந்து மணியை அடிக்க வேண்டும். முதலில் வருகிறவருக்கு வாஷிங் மெஷின்.

அதைக் குளியலறை ஜன்னலுக்குக் கீழே வைப்பதென்று அவள் கணவர் முடிவே செய்துவிட்டார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வேலைக்கு லீவு போட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

கல்யாண வீட்டு போட்டோவில்கூட ஓரமாய் ஒதுங்கி நிற்கிறவள், தான் வேலை பார்க்கும் பியூட்டி பார்லருக்கு வருகிறவர்களிடமே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள், டிவியில் விளையாடத் தானாகவே பேர் கொடுத்திருக்கிறாள் என்றதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன திடீர்னு?" என்று அவர் கேட்டதற்கு, "சும்மா, ஒரு ஆசைங்க" என்றிருந்தாள்.

இடப்பக்கம் ஒரு பாத்திரம் விழுந்து உருண்டது. வலப்பக்கம் கல்லூரிப் பெண் எதையோ கொட்டிவிட்டாள் போல. அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவள் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

பிறகு மெல்ல உள்ளே போய், இரண்டு உள்ளங்கைகளையும் சமையல் மேடைமேல் வைத்தாள். மெதுவாக நகர்த்தினாள். கெட்டில். கோப்பை. இரண்டு டப்பாக்கள். ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து பார்த்தாள்.

"அக்கா, அங்க ரெண்டு பேரும் டீயை முடிச்சுட்டாங்க" என்றார் தொகுப்பாளர்.

அவள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்ப நிரம்பச் சத்தம் மாறுவது காதில் விழுந்தது. முதலில் ஆழத்தில் இருந்து வந்தது, போகப் போக மெலிந்து மேலே ஏறியது. இத்தனை வருஷம் டீ போட்டும் இதைக் கேட்டதில்லை. சரியான இடத்தில் நிறுத்தினாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

காலுறைகளை எடுத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒன்று வழவழப்பு. ஒன்று சொரசொரப்பு. ஒன்றில் விளிம்பு தொய்ந்திருந்தது, அதன் ஜோடியும் அப்படியே தொய்ந்திருந்தது.

இடப்பக்கம் மணி ஒலித்தது. கைதட்டல்.

கொஞ்ச நேரத்தில் வலப்பக்கமும்.

"போதும்க்கா, வாங்க, கட்டை அவுத்துடலாம்" என்று தொகுப்பாளர் பக்கத்தில் வந்தார்.

"இருங்க தம்பி. கதவு இன்னும் பாக்கியிருக்கு."

அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அலமாரி முனை முழங்காலில் இடித்தது. நின்றாள். வலித்த இடத்தைத் தடவிக்கொள்ளாமல் அந்த முனையைத் தடவிப் பார்த்தாள், எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் என்று. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு போனாள். கன்னத்தில் லேசாகக் குளிர்காற்று பட்டது. காற்று வந்த பக்கம் கை நீட்டினாள். கைப்பிடி.

அவள் மணியை அடித்தபோது கேட்ட கைதட்டல், ஜெயித்தவருக்குக் கிடைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

துணியை உடனே அவிழ்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். அவிழ்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"பரிசு போச்சேன்னு அக்காவுக்கு ரொம்ப வருத்தம்" என்று தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஆறுதல் பரிசாக ஓர் இஸ்திரிப் பெட்டியைக் கையில் திணித்தார்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் வெயில் பளீரென்று அடித்தது.

"எல்லாரும் விழுந்தடிச்சு ஓடுறாங்க. நீ என்னடான்னா வாடகைக்கு வீடு பாக்க வந்தவ மாதிரி ஒவ்வொரு சுவரா தடவிப் பாக்கற" என்று கணவர் கேலி செய்தபடி பெட்டியை வாங்கி ஸ்கூட்டரில் வைத்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"கண்ணாடி மாத்தணும்னு போன மாசம் டாக்டர்கிட்டப் போனேன்லங்க. கண்ணாடி மாத்திப் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க. கொஞ்சம் கொஞ்சமா பார்வை முழுசாப் போயிடுமாம். மருந்து கிடையாதாம்."

ஒரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்த சேதி. இப்போது குரல் உடையாமல் வெளியே வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நினைச்சு நினைச்சு பயந்துக்கிட்டே இருந்தேன். எப்படித்தான் இருக்கும்னு ஒரு தடவை பாத்துடலாம்னு வந்தேன்."

அவர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். பிறகு, "எப்படி இருந்துச்சு?" என்றார்.

"டீ போட்டுட்டேன்ல" என்றாள்.

அவர் ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து, பையிலிருந்து சாவியை எடுத்தார். கண்கள் இரண்டையும் இறுக மூடிக்கொண்டார்.

சாவி துளைக்குள் போகாமல் தகரத்தில் உரசியது. திரும்பவும் உரசியது.

அவள் அவர் தோளில் கை வைத்துக் குனிந்தாள்.

"கொஞ்சம் இடது பக்கமாங்க. அவசரப்படாதீங்க."