தேடிய வசனம்

"கெடச்சுதா?" என்று கேட்டாள் மனைவி கிரேனாப்.

ஞானதுரை வேதாகமத்தை விட்டுத் தலை நிமிரவில்லை. பிம்ப்ரி சபையில் பத்து வருடமாக முழங்கிய போதனைக்கு, மூன்று நாளாகத் தேடியும் ஒரு வசனம் அகப்படவில்லை.

"மருந்து சாப்பிட்டா அவிசுவாசம்னு எங்கேயுமே இல்ல. தீமோத்தேயு வயித்துக்குப் பவுலே கைவைத்தியம்தான் சொல்றாரு."

"அப்போ ஞாயித்துக்கிழமை சபையில சொல்லிடுங்க."

"யாரு முகத்தப் பாத்துச் சொல்ல?"

அழைப்பு மணி அடித்தது. வாசலில் செல்வின். நேற்றுதான் மனைவியை அடக்கம் செய்தவன். ஞானதுரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு விம்மினான்.

"நீங்க சொன்ன அன்னிக்கே இன்சுலின நிறுத்திட்டாளே! எங்க விசுவாசம்தான் பத்தலையா, பாஸ்டர்?"