ஒரு தாள் அரியர்

அந்தக் கிராமத்துப் பல்கலைக்கழகத்தில் நெற்றிப்பட்டையைக் கட்டிவிட்டால் மூன்று வருடப் படிப்பும் இரண்டு மணி நேரத்தில் தலைக்குள் ஏறிவிடும். அடுத்து, தாளுக்குச் சில நிமிடங்களே ஆகும் தேர்வு. மதியச் சாப்பாட்டுக்குள் பட்டம் கைக்கு வந்துவிடும்.

இசக்கியின் அப்பா வாசலில் வண்டியோடு காத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பட்டதாரிப் பெண் கேட்டிருந்தார்கள், ஆவணியில் கல்யாணம்.

இசக்கிக்கு எல்லா விடையும் தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே விடுதிப் பெண்கள் ஈரத்தலையோடு கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். அவள் கடைசித் தாளான மண்ணியலில், கரிசலில் பருத்தி விளையாது என்று தொடங்கி அத்தனையையும் மாற்றி எழுதினாள்.

"ஒரு பேப்பர் போச்சுப்பா. ஆறு மாசம் இங்கயே தங்கி, எல்லாத்தையும் முதல்லருந்து எழுதணுமாம்."

"பருத்திக்காட்டுல பொறந்துட்டு மண்ணுலயா கோட்ட விட்டே?" அப்பா தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன சொல்வது என்பதுதான் அவருடைய கவலை.

விடுதியில், காதோரம் நரைத்த ஒரு பெண் அறைச்சாவியை எடுத்துக்கொடுத்தாள்.

"எதுல அரியர் வச்சே?"

"மண்ணியல், மேடம்."

"அடுத்த தடவ வேற பேப்பர்ல வை. ஒரே பேப்பர்ல ரெண்டு தடவ போனா வெளிய அனுப்பிருவாங்க. மொத்தம் நாப்பது பேப்பர் இருக்கு, பயப்படாத."

"நீங்கதான் வார்டனா மேடம்?"

"அக்கான்னே கூப்பிடு. நானும் ஸ்டூடண்ட்தான். முப்பத்தொண்ணாவது பேப்பர்ல நிக்கேன்."