ஆளுக்குப் பாதி கிதார்

கரியப்பன் ஆசாரி கிதாரின் நடுவில் பென்சிலால் ஒரு கோடு இழுத்தார். பக்கத்தில் ரம்பம் தயாராக இருந்தது.

அப்பன் சவரியப்பனின் முப்பதாம் நாள் பூசை காலையில்தான் முடிந்திருந்தது. தின்ற சோறு செரிப்பதற்குள் மகன்கள் இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மத்திகிரியில் அது வாடகை வீடு. பங்கு போட இருந்தது சுவரில் தொங்கிய கிதார் ஒன்றுதான்.

சவரியப்பன் கிதார் என்றால் ஓசூர் வட்டாரத்துக் கோயில்களுக்கெல்லாம் தெரியும். பெங்களூர் பேண்டில் வாசித்த காலத்தில், கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போனது. எலெக்ட்ரிக் கிதார்தான், ஆனால் வீணைக் குடம்போல உள்ளே கூடு. கரண்ட் போனாலும் பூசையில் பாட்டு நிற்காது.

அந்த மனிதர் வாதத்தில் விழுந்து மூன்று வருடம் படுக்கையில் கிடந்தார். சேலத்து ராயப்பனும் சரி, பெங்களூர் சின்னப்பனும் சரி, ஒரு தடவை எட்டிப் பார்த்ததில்லை. தினமும் அடுத்த தெருவிலிருந்து வந்து பீ மூத்திரம் அள்ளியவள் மூத்த மகள் அற்புதமேரி. ஓட்டல் பேண்டுக்காரன் ஒருவன் கிதாரை விலை கேட்டு வந்ததும் மகன்களுக்குப் பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாசமாம் பாசம்.

ஆண்பிள்ளையில் மூத்தவன் நான்தான் என்றான் ராயப்பன். அதிலுள்ள ஒவ்வொரு கீறலும் எனக்கு மனப்பாடம் என்றான் சின்னப்பன். பேச்சு "நாயே" வரைக்கும் போனதும் தாய்மாமன் உபதேசியார் எழுந்தார். பிள்ளையை வெட்டச் சொல்லி உண்மையான தாயைக் கண்டுபிடித்த சாலமோன் ராஜாவின் கதையை நூறு தடவை பிரசங்கம் செய்தவர் அவர். அதனால்தான் ஆசாரிக்கு ஆள் போனது.

ஆசாரி கிதாரைப் புரட்டி, விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"உள்ளயும் கெட்டிக் கட்டைங்க. ரம்பம் ஓட நேரமாவும்."

"ஆளுக்குப் பாதி. அறுப்பா" என்றார் உபதேசியார்.

"வேணாம் மாமா, அவனுக்கே குடுத்துடுங்க" என்று ராயப்பன் கதறினான். அவன் வாய் மூடுவதற்குள் சின்னப்பனும் அதையே சொல்லி, கிதாரின் மேல் விழுந்து அழுதான். இருவரும் ஒரே ஞானோபதேச வகுப்பில் படித்தவர்கள்.

சாலமோன் ராஜாவுக்கு இப்படி ஒரு சிக்கல் வரவில்லை. உபதேசியார் தாடையைச் சொறிந்தார். கடைசியில் சீட்டு குலுக்கிப் போடலாம் என்றார்.

அடுப்படியிலிருந்து அற்புதமேரி வந்தாள். இதுவரை அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெண்பிள்ளைக்கு ஏது பங்கு? வந்தவள் ரம்பத்தை எடுத்து ஆசாரியின் கையில் திணித்தாள்.

"அறுங்க" என்றாள்.

அக்காவென்றும் பாராமல் தம்பிகள் அடிக்கப் பாய்ந்தார்கள். அப்பன் மேல் துளி ஈரமில்லாத பிசாசு என்று திட்டினார்கள். உபதேசியாருக்கும் கோபம் தலைக்கேறிவிட்டது.

"கதை தெரியுமில்ல உனக்கு? வெட்டச் சொன்னவதான் பொய்க்காரி."

"தெரியும் மாமா. இது, ஆணி காலியா இருக்கக் கூடாதுன்னு அப்பா வாங்கி மாட்டச் சொன்ன கட்டை. அவரு வாசிச்சது மூணு வருசமா எங்க வீட்டுல இருக்குது."