சிவப்பு மைக் குறிப்பு

"சிவப்பு மையில கிறுக்குனவன் எவன்? வெளிய வரச்சொல்லுங்க அவனை."

கோரிப்பாளையத்தில், அந்த வாரப் பத்திரிகையின் மாடி ஆபீஸில், காசிமாயன் தன் கதைக்கட்டை ஆசிரியர் மேஜைமேல் ஓங்கிப் போட்டான். கப்பலூர் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்த கோபம் அது, லேசில் அடங்காது. போய்க் கேட்டுட்டு வாங்க என்று சட்டையை எடுத்துக் கொடுத்ததே அவன் மனைவி அன்னக்கொடிதான்.

மூன்று தடவை அனுப்பிய கதை மூன்று தடவையும் திரும்பிவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வான். ஓரமெல்லாம் சிவப்பு மையில் இருந்த குறிப்புகள்தான் அவன் தூக்கத்தைக் கெடுத்தன.

கதையில் புருஷன் மனைவியை அறைகிறான். மறுநாள் அவள் முறுக்கைக் கடித்தபடியே சிரித்துப் பேசி, அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறாள். காசிமாயன் கண்கலங்கி எழுதிய இடம் அது. பக்கத்திலேயே, 'அறை வாங்கினவளால் ரெண்டு நாளைக்கு முறுக்குக் கடிக்க முடியாது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'இவள் எதற்கு இவன் காலில் விழுகிறாள்? பொய்.'

"பொம்பள மனசு எனக்குத் தெரியாதாம், இவுகளுக்குத் தெரியுமாம். கவரை ஒட்ட கோந்து வாங்க வக்கில்ல, சோத்துப் பருக்கையத் தேச்சு அனுப்புறீக. நீங்க எனக்குப் பாடம் நடத்துறீகளா?"

ஆசிரியர் கட்டை இழுத்து வைத்துப் படித்தார். அவரும் பொறுமைசாலி இல்லை. வேண்டாத கதையில் ஒரு புள்ளி வைக்கக்கூட இங்கே எவனுக்கும் நேரமில்லை, அச்சடித்த சீட்டு ஒன்றைச் செருகித் திருப்பி அனுப்புவதோடு சரி என்று கத்தினார். மேஜையிலிருந்த கோந்து பாட்டிலை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

"உங்க கதை குப்பை. இந்தக் குறிப்பு எழுதுனது யாரோ, அவுகளை எழுதச் சொல்லுங்க. நான் போடுறேன்."

காசிமாயனுக்கு அவமானம் தாங்கவில்லை. கப்பலூர் பஸ்ஸில் கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஒட்டின இடத்தில் பருக்கை காய்ந்து போயிருந்தது. தபால்காரர் வருவது மத்தியானம், அவன் வேலை விட்டு வருவது சாயங்காலம்.

வீட்டில் அன்னக்கொடி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கதைக்கட்டை அவள் முன்னால் வீசினான். அவள் எழுதி அவன் பார்த்ததில்லை, எதுவரை படித்தாள் என்று கேட்டதுமில்லை.

யாரு எழுதினது என்று கேட்கும்போதே அவன் கை ஓங்கிவிட்டது. பழகிய கை.

அன்னக்கொடி பின்வாங்கவில்லை. வடித்த பானையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"அடிங்க. கால்ல விழுறேனான்னு பாப்போம்."