வலப்பக்கம் இழுக்கும் கார்

“ரேஸ் டயர் போட்டும் பிரேக் அடிச்சா வலப்பக்கமே இழுக்குதுங்க! விளக்குக் கம்பத்துல மோதாம மயிரிழையில தப்பிச்சோம்” என்று காரை விட்டு இறங்காமலே எகிறினார் அண்ணன். பக்கத்து இருக்கையில் தம்பி உட்கார்ந்திருந்தார்.

டயர் கடைக்காரர் காரைச் சுற்றி வந்து தலையில் அடித்துக்கொண்டார். வலப்பக்கம் இரண்டும் புத்தம் புது டயர். இடப்பக்கம் இரண்டும் மொட்டை.

“ஒரு பக்கம் ரோட்டைக் கவ்வுது, மறுபக்கம் வழுக்குது. இழுக்காம என்ன செய்யும்? அந்த ரெண்டையும் மாத்துங்க சார்!”

“அதை நான் தொடக் கூடாதே. பாகப்பிரிவினையில அந்தப் பக்கம் தம்பிக்குப் போயிடுச்சு.”

கடைக்காரர் தம்பியிடம் கெஞ்சினார். “நீங்களாவது மாத்துங்களேன்!”

“நான் எதுக்குங்க மாத்தணும்?” என்றார் தம்பி நிதானமாக. “இடிக்கப் போறது அண்ணன் பக்கம்தானே!”